படுக்கையில் இருக்கும் மாமியாரை நான் மட்டும்தான் பார்க்க வேண்டுமா?

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். மாமியாருக்கு 74 வயது. எட்டு மாதத்துக்கு முன் பாரிசவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. தங்கச்சி கொழுந்து எடுக்கிறார். வீட்டுக்காரருக்குத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்து, மருந்தடி என்று மலையில் ஆண்கள் வேலை. கொழுந்தன்மார் இரண்டு பேர் கொழும்பில் கடையில் நிற்கிறார்கள். நாத்தனார் ஹப்புத்தளையில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். "ஊட்டுறது, கழுவுறது, துணி மாத்துறது எல்லாம் நான்தான். கேட்டா அது பொம்பள வேலதானேங்கிறாரு. மத்த வீட்டுலயும் இப்படித்தானா? பங்கு போட வழி இருக்கா?" இதுதான் கேள்வி.

ஆமாம் தங்கச்சி, பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான். ஆனால் அதற்கு உங்கள் வீட்டுக்காரர் சொல்லும் காரணம் சரியில்லை. வேலை எப்படிப் பிரிகிறது என்று கொஞ்சம் பிரித்துப் பார்த்தால்தான் எங்கே கைவைக்கலாம் என்று தெரியும். நான் தோட்ட டிஸ்பென்சரிகளில் 27 வருடம் வேலை செய்தவன். டிக்கோயா, பொகவந்தலாவை, ராகலை என்று தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் லயமாக ஏறி இறங்கியிருக்கிறேன். என் அப்பாவையும் மூன்று வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தேன். பார்த்தேன் என்று எழுதிவிட்டேன், முதல் ஒன்றரை வருடம் பார்த்தது என் மனைவி. அந்தக் கதை பிறகு வரும்.

முதலில் ஆண்கள் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் ஒன்றுமே செய்வதில்லை என்பது பொய். கிளினிக் நாளில் விடிகாலை நான்கு மணிக்கு எழும்பி நம்பர் எடுக்கப் போவது மகன்தான். ஆட்டோ பிடிப்பது, பாமசியில் மருந்து வாங்குவது, கிராம சேவகரிடம் கடிதம் எடுப்பது, ஈபிஎஃப் என்கிற சேமலாப நிதிக் காசுக்கு அலைவது, ஒழுகுகிற தகரத்தை அடைப்பது, குளிருக்கு விறகு பிளப்பது எல்லாம் ஆண்கள் கணக்கில் வரும். 1990 நம்பருக்குப் போன் அடித்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் காசில்லாமல் வருகிறது. ஆனால் லயத்து வாசல் வரை வண்டி ஏறாத தோட்டங்கள் எத்தனையோ. அங்கே நோயாளியைக் கதிரையில் உட்காரவைத்தோ போர்வையில் போட்டோ குறுக்குப் பாதையில் நாலு பேர் சுமந்து ரோட்டுக்கு இறக்க வேண்டும். அந்த நாலு பேரும் ஆண்கள்தான், நடுச்சாமத்தில் கூப்பிட்டாலும் வருவார்கள்.

இந்த வேலைகளுக்கெல்லாம் ஒரு தொடக்கம் உண்டு, ஒரு முடிவும் உண்டு. வெளியே நடப்பதால் ஊரும் பார்க்கும். "அம்மாவ நல்லா பாத்துக்கிறான்" என்ற பேரும் கிடைக்கும். கிளினிக் மாதம் ஒருமுறை. மூத்திரத் துணி மாதம் ஒருமுறை வருவதில்லை. ஊட்டுவது, வாய் துடைப்பது, புரட்டிப் படுக்கவைப்பது, தலை வாருவது, இரவில் இருமினால் எழும்புவது, இதெல்லாம் இன்றைக்கு முடித்தாலும் நாளைக்கு அப்படியே இருக்கும். காம்பிரா என்கிற லயத்து அறைக்குள்ளே நடப்பதால் யாரும் பார்ப்பதும் இல்லை. ஆணுக்குப் பயண வேலை, பெண்ணுக்கு உடம்பு வேலை என்று நான் அதைப் பிரித்து வைத்திருக்கிறேன். சண்டை எல்லாம் இந்த இரண்டாவதில்தான்.

அடுத்தது நேரம். தோட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் ஒரே பெரட்டில் நாள் தொடங்கினாலும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. கவ்வாத்துக்கு இத்தனை செடி, மருந்தடிக்க இத்தனை டாங்கி என்று கணக்கு. முடித்தவன் வீட்டுக்குப் போகலாம். கெட்டிக்காரன் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ லயத்துக்கு வந்துவிடுவான். கொழுந்து அப்படியில்லை. அந்தி நிறுவை முடிந்து கூடையை இறக்கும்போது நாலரை, ஐந்தாகிவிடும். 18 கிலோ கேட்கிற தோட்டத்தில் நிறை குறைந்தால் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். 1984ல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் வந்தது. நாளின் நீளம் மட்டும் இன்னும் ஒன்றாகவில்லை.

அப்படியென்றால் ஒன்றரை மணியிலிருந்து ஐந்து மணி வரை உங்கள் வீட்டில் இருப்பது யார்? அவர்தான். கவனித்தீர்களா, நேரமில்லை என்று அவர் சொல்லவே இல்லை. அது செல்லாது என்று அவருக்கே தெரியும். அதனால்தான் 'பொம்பளை வேலை' என்கிறார்.

ராகலைப் பக்கம் ஒரு லயத்துக்குப் படுக்கைப்புண் கட்ட ஒருநாள் பகல் இரண்டரை மணிக்குப் போனேன். மகன் வாசல் பக்கத்து இஸ்தோப்பில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா தூங்குது ஐயா" என்றான். உள்ளே போனால் கிழவி கொட்டக் கொட்ட விழித்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே எல்லாம் ஈரம், எப்போதோ நனைந்தது, சில்லிட்டுப் போயிருந்தது. "ஏன் ஆயா, மகனக் கூப்பிட்டிருக்கலாமே" என்று கேட்டேன். "அவன் ஆம்பளப் புள்ள ஐயா. மருமக வரட்டும்" என்றார். மருமகள் வர இன்னும் இரண்டரை மணி நேரம் இருந்தது.

அன்றைக்கு அந்த மகன் மீது எனக்கு வந்த கோபம் பெரிது. பிறகு யோசித்தபோது கோபம் பாதியாகக் குறைந்தது. அவன் வேண்டுமென்று விடவில்லை. தான் காவலுக்கு இருப்பதே பார்ப்பதுதான் என்று நினைத்திருக்கிறான். தாயும் கூப்பிடவில்லை. இரண்டு பக்கமும் கூச்சம். அந்தக் கூச்சத்தின் பாரம் முழுவதையும் மலையில் கூடையோடு நிற்கும் மூன்றாவது ஆள் சுமக்கிறாள்.

கூச்சத்தை நான் கேலி செய்யவில்லை. ஒரு தாய் தன் மகன் முன்னால் துணி விலக வேண்டியிருப்பதை வேண்டாம் என்பது அவருடைய மானம். அதை மதிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கணக்குப்படியே பார்த்தால் அப்பாவை மகன் கழுவ வேண்டும், இல்லையா? மருமகள் முன்னால் வேட்டியை அவிழ்க்க எந்த மாமனாருக்கு மனம் வரும்? அங்கே மட்டும் கணக்கு மாறிவிடுகிறது. கிழவனைக் கிழவி பார்த்துக்கொள்கிறாள். பெண்கள் வயது குறைவாகக் கட்டிக்கொடுக்கப்படுகிறார்கள், இந்த நாட்டில் ஆண்களைவிடச் சில வருடம் கூடுதலாகவும் வாழ்கிறார்கள். அதனால் கட்டிலில் விழும் முதல் ஆள் பெரும்பாலும் கணவன், பக்கத்தில் நிற்கும் ஆள் மனைவி. அவர் போனபிறகு அந்த மனைவி விழும்போது மருமகள் வருகிறாள். எந்த வரிசையிலும் மகனின் முறை வருவதே இல்லை.

என் கதையும் அதுதான். அம்மா முன்னாடியே போய்விட்டதால் அப்பாவை என் மனைவி பார்த்தாள். அப்பா கூசிக்கூசிப் பேச்சையே குறைத்துக்கொண்டார். நான் ஊருக்கெல்லாம் புண் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால் "அப்பா எப்படி?" என்று கேட்பேன், அவ்வளவுதான். இரண்டாம் தடவை வாதம் வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஆண்கள் வார்டில் இரவுத் துணைக்குப் பெண்களை விடமாட்டோம் என்றுவிட்டார்கள். வேறு வழியில்லை, நான் நின்றேன். முதல் இரவு அழுகை வந்தது. பக்கத்துக் கட்டிலில் தன் தகப்பனுக்குத் துணை நின்ற ஒரு மரக்கறித் தோட்டக்காரர், சிங்கள ஆள், ஆளைத் தூக்காமல் ஒரு பக்கம் சாய்த்து, பழைய விரிப்பைச் சுருட்டி, புதியதை அதன் பின்னாலேயே விரித்துக்கொண்டுபோகும் வித்தையைக் காட்டித்தந்தார். 27 வருடச் சேவையில் எனக்கு யாரும் சொல்லித்தராத வேலை அது. பதினொரு நாள் கழித்து வீட்டுக்கு வந்ததும் பழக்கதோஷத்தில் வெளியே போய் உட்கார்ந்தேன். மனைவி வாளியைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். "ஆஸ்பத்திரியில செஞ்சதுல கை அழுகிப் போகலையே" என்றாள். அப்புறம் அப்பா போகும்வரை குளிப்பாட்டுவது என் வேலை.

பெண்கள் வார்டிலோ இரவில் ஆண் நிற்க முடியாது. அதனால் தாயைத் தூக்கிப்போவது மகன், தங்குவது மகளோ மருமகளோ. அத்தனை நாளும் அவளுக்குப் பேர் விழாது. 2024 செப்டம்பரில் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபாயாக வந்தது. அந்தக் கணக்கில் பத்து நாள் வார்டில் நின்றால் 13,500 ரூபாய். இந்தப் பணத்தை எந்த வீட்டிலும் யாரும் செலவில் எழுதுவதில்லை. ஆட்டோவுக்குக் கொடுத்த மூவாயிரம் மட்டும் ஐந்து வருடத்துக்கு ஞாபகம் இருக்கும்.

மாமியார் உங்களுக்குச் சொந்த அத்தையா என்று நீங்கள் எழுதவில்லை. மலையகத்தில் மாமன் மகன், அத்தை மகன் என்று உறவுக்குள்ளே கட்டுவது நிறைய இருந்தது, இப்போதும் இருக்கிறது. அத்தை மகன் என்றால் மாமியார் என்பவர் அப்பாவோடு கூடப்பிறந்தவர், சின்ன வயதில் தூக்கி வளர்த்தவர். அங்கே உடம்பு வேலை கொஞ்சம் இலகுவாகத்தான் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த மருமகளிடமும் அதே மனதை எதிர்பார்த்துவிட்டு, கிடைக்காதபோது 'அன்பில்லாதவள்' என்பது அநியாயம். அன்பிருந்தாலும் இடுப்பு வலிக்கத்தான் செய்யும்.

பங்கு போட ஆளே குறைந்துபோனதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. உங்கள் மாமியார் பிறந்த காலம் மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட காலம். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 300,000 பேரை இலங்கைக்கு என்றும் பிரித்தது. அந்தத் தலைமுறையில் அண்ணன் இங்கே, தங்கச்சி கோத்தகிரியில் என்று ஆகாத குடும்பம் எது? கூடப்பிறந்தவர்களின் பிள்ளைகள் பக்கத்து லயத்தில் இருந்திருந்தால் மாறி மாறி ஒரு கை கொடுத்திருப்பார்கள். இப்போது மிஞ்சிய பிள்ளைகளும் கொழும்புக்கும் கட்டுநாயக்கவுக்கும் வளைகுடாவுக்கும் போய்விட, தோட்டத்தில் பேர் பதிந்து காம்பிராவைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒருவர் தலையில் எல்லாம் விழுகிறது. யார் பாசமுள்ள பிள்ளை என்று பார்த்து முடிவானதல்ல இது. காம்பிரா யார் கையில் இருக்கிறதோ, கட்டிலும் அவர் கையில்.

கண்டிச் சிங்களக் குடும்பங்களில் இதற்கு வெளிப்படையான பேர்களே உண்டு. பெண் கணவன் வீட்டுக்குப் போனால் தீக, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தால் பின்ன. பின்ன கட்டிய மகள் தாய் தகப்பன் வீட்டிலேயே இருப்பாள், அவர்களைப் பார்ப்பாள், சொத்திலும் அவளுக்கு இடம் உண்டு. நாம் வீட்டோடு மாப்பிள்ளை என்று நக்கலடித்தே அந்த வழியை அடைத்துவிட்டோம். மகள் பக்கத்தில் இருந்த வீடுகளில் கிழவிகள் நிம்மதியாக இருந்ததை நான் அதிகம் கண்டிருக்கிறேன், மருமகள்மார் கோபிக்கக்கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்டால், 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 60 வயதானவர் முதியவர். பெற்றோரை வேண்டுமென்று கைவிடக்கூடாது, அவர்களைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை என்று அதில் எழுதியிருக்கிறது. பிள்ளைகள் என்றால் மகனும்தான் மகளும்தான், கொழும்பில் இருப்பவரும்தான் தோட்டத்தில் இருப்பவரும்தான். மருமகள் பேரில் அந்தக் கடமை எழுதப்படவில்லை. பிள்ளைகள் பராமரிப்புத் தராவிட்டால் முறையிட்டுக் கேட்க ஒரு சபையும் அந்தச் சட்டத்தில் உண்டு. நீங்கள் வழக்குப் போட வேண்டும் என்று சொல்லவில்லை. வழக்குப் போட்டு வாங்கிய பராமரிப்பில் கஞ்சி ஊட்ட முடியாது. ஆனால் 'இது உன் கடமை' என்று வீட்டுக்காரர் சொன்னால், கடமை அவருக்குத்தான், நீங்கள் செய்வது பெரிய மனது என்று பதில் சொல்ல உங்களுக்கு இடமிருக்கிறது. சண்டையில்லாத ஒரு நாளாகப் பார்த்துச் சொல்லுங்கள்.

பணம் பற்றியும் கொஞ்சம். தோட்டத் தொழிலாளிக்கு மாதப் பென்ஷன் கிடையாது. ஈபிஎஃப் காசை ஆண் 55லும் பெண் 50லும் எடுக்கலாம். அதோடு வேலையை விட்டு நிற்கும்போது வரும் சர்வீஸ் காசு, வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்று. 30 வருடம் கொழுந்து எடுத்தவருக்கு 420 நாள் சம்பளம். இந்த இரண்டும் ஒரே தடவையில் வருவதுதான் வினை. மகளின் கல்யாணம், மகனுக்கு ஆட்டோ, காம்பிராவுக்கு முன்னால் ஒரு துண்டு இறக்கிக் கட்டுவது என்று இரண்டு வருடத்தில் கரைந்துபோகும். உங்கள் மாமியாரின் காசு யாருக்குப் போனது என்று மெதுவாக விசாரித்துப் பாருங்கள். அந்தக் காசில் ஆட்டோ வாங்கியவர் கிளினிக் பயணத்தையாவது இனாமாகச் செய்யலாம். அப்புறம், 70 தாண்டிய வருமானம் குறைந்தவர்களுக்கான முதியோர் கொடுப்பனவு 2025ல் மாதம் 3000 ரூபாயிலிருந்து 5000 ரூபாயானது. 74 வயது என்கிறீர்கள், கிடைக்கிறதா? கிடைக்காவிட்டால் பிரதேச செயலகத்தில் முதியோர் விஷயம் பார்க்கும் உத்தியோகத்தர் இருப்பார், அவரிடம் அடையாள அட்டையோடு போகச் சொல்லுங்கள். இது பயண வேலை, வீட்டுக்காரர் சந்தோஷமாகச் செய்வார். ஆனால் அந்த 5000 ரூபாய் கிழவியின் பெம்பஸுக்கும் பாலுக்கும் போகட்டும்.

கொழுந்தன்மார் இருவரும் என்ன அனுப்புகிறார்கள் என்றும் நீங்கள் எழுதவில்லை. வழக்கமாக நடப்பது எனக்குத் தெரியும். மாதக் கடைசியில் போன் வழியாக ஈஸி கேஷில் ஏதோ காசு வரும், ஞாயிறு இரவு வீடியோ கோல் வரும். "ஏன் அம்மா மெலிஞ்சிருக்கு? ஒழுங்கா சாப்பாடு குடுக்கிறதில்லையா?" என்று அங்கிருந்து ஒரு கேள்வியும் வரும். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை, போனை அவர்கள் அண்ணன் கையில் கொடுத்துவிடுங்கள். கணவரிடம் சொன்னால் கோபம் வரும் ஒரு யோசனையும் சொல்கிறேன். நீங்கள் மாதத்தில் நாலு நாள் வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றால் போகிற நாலு நாள் சம்பளத்தைத் தம்பிமார் இருவரும் பகிர்ந்து தரட்டும். அம்மாவுக்கு அனுப்பும் காசு என்றால் அனுப்புவார்கள். அண்ணிக்குப் போன சம்பளம் என்றால் முகம் சுருங்கும். சுருங்கினால் சுருங்கட்டும்.

இடையில் ஒன்று சொல்லாமல் போக முடியவில்லை. இஸ்ரேலுக்குப் போக, ஜப்பானுக்குப் போக என்று எத்தனை இளந்தாரிகள் முதியோர் பராமரிப்புக் கோர்ஸ் படிக்கிறார்கள்! ஆண்பிள்ளைகள்தான். பாஷை படித்து, சோதனை எழுதி, கடன்பட்டு, யாரோ ஒரு வேற்றுநாட்டுக் கிழவருக்குத் துணி மாற்றக் காத்திருக்கிறார்கள். சம்பளம் இருந்தால் அது தொழில், கௌரவம். சொந்த லயத்தில் அதே வேலை 'பொம்பளை வேலை'. நம் பெண்கள் பக்கமும் இதே கூத்துதான். கொழும்பு வீடுகளில் மற்றவர்களின் தாயைப் பார்க்க ஆயாவாகப் போகிறவர்களில் எத்தனை பேரின் சொந்தத் தாய் இங்கே அண்ணி கையை எதிர்பார்த்துக் கிடக்கிறார்.

நம் ஆட்களுக்கு முறை வைத்து வேலை செய்யத் தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லவேண்டாம். ஒரு லயத்தில் சாவு விழுந்தால் பாருங்கள். பந்தல் போட ஆள், குழி வெட்ட ஆள், தேத்தண்ணி ஊற்ற ஆள், தூர உறவுக்குத் தகவல் சொல்ல ஆள் என்று அரை மணி நேரத்தில் பிரிந்துவிடும். மரண உதவிச் சங்கத்தில் யார் காசு கட்டினார், யார் கட்டவில்லை என்று கொப்பியில் இருக்கும். அது முழுக்க ஆண்கள் நடத்துகிற ஏற்பாடு, பிசகே இல்லாமல் நடக்கும். செத்தபிறகு இருக்கும் அந்த முறை, படுக்கையில் கிடந்த மூன்று வருடத்துக்கு இல்லை. ஆகவே புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்க வேண்டாம், அந்தக் கொப்பிப் பழக்கத்தைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்தால் போதும்.

சரி, உங்கள் வீட்டில் எப்படிப் பிரிக்கலாம் என்று பார்ப்போம். 'கொஞ்சம் உதவி செய்யுங்க' என்று மட்டும் கேட்காதீர்கள். உதவி என்றாலே வேலை உங்களுடையது என்று ஆகிவிடும். நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள். பெரட்டுக்கு முன் காலை வேலை உங்களுடையது. பகல் ஒன்றரையிலிருந்து ஐந்து வரை முழுக்க அவருடையது. அந்த நேரத்தில் செய்ய வேண்டியதையும் ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கொடுங்கள். பகல் சாப்பாட்டை நிமிர்த்தி உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும். பாரிசவாதக்காரருக்குப் படுத்தபடி கஞ்சி கொடுத்தால் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது அப்படியே சாய்ந்து உட்காரட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வரும். விழுந்த கையையும் காலையும் ஆஸ்பத்திரியில் காட்டித்தந்த மாதிரி மடக்கி நீட்டிவிட வேண்டும். இதில் எதற்கும் துணி விலக வேண்டியதில்லை. கூச்சம் என்று சொல்ல இதில் இடமும் இல்லை. இந்த நாலையும் அவர் செய்தாலே உங்கள் பாரத்தில் பாதி இறங்கும்.

துணி விலகும் வேலைக்கு வருவோம். அதிலும் ஆண் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பழைய பிளாஸ்டிக் கதிரையின் நடுவில் வட்டமாக வெட்டி, ஓரத்தைத் தேய்த்து, ரப்பர் குழாயைப் பிளந்து சுற்றிவிட்டால் கீழே வாளி வைத்துக் கக்கூசுக்கு உட்காரவைக்கலாம். லயத்துக்கு வெளியே படியிறங்கிப் போகும் கக்கூசுக்குத் தூக்கிப்போகும் சள்ளை மிச்சம். அவர் அம்மாவைத் தூக்கி அந்தக் கதிரையில் வைத்துவிட்டு வெளியே போகட்டும், ஒரு பழைய சேலையை மறைப்பாகக் கட்டினால் போதும். நல்ல கையால் தானே கழுவிக்கொள்ள முடிகிற கிழவிகள் இருக்கிறார்கள், உங்கள் மாமியாருக்கு வலது கை வேலை செய்கிறது. வாளியைக் கழுவுவது, பீலியிலிருந்து தண்ணி தூக்குவது, சுடவைப்பது, அழுக்குத் துணி அலசுவது அவருக்கு. அலசிய துணியை லயத்துக் கொடியில் காயப்போடும்போது நாலு பேர் பார்ப்பார்கள், சிரிப்பார்கள். அதுவும் சேர்ந்ததுதான் வேலை.

தூக்குவது பாரமான வேலை என்பதையும் அவருக்கு ஞாபகப்படுத்துங்கள். பாரமான வேலை ஆணுக்கு என்று நாட்டில் எல்லோரும் சொல்கிறோம். 18 கிலோ கொழுந்தை நெற்றியில் தொங்கவிட்டு மலை இறங்கியவள், வீட்டுக்கு வந்து 50 கிலோ ஆளையும் தனியாகப் புரட்ட வேண்டும் என்றால் அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம்?

கேலியைப் பற்றி ஒரு சம்பவம். பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தாத்தா, கவ்வாத்துக் கத்தியில் பேர் போனவர். மனைவி படுக்கையில் விழுந்தபோது நாலு வருடம் சமைத்து, துவைத்து, குளிப்பாட்டித் தானே பார்த்தார். லயமே அவரைப் பொண்டாட்டிதாசன் என்றது. அவர் காதில் வாங்கவில்லை, கொஞ்சம் காதும் கேட்காது, அது வசதியாகிவிட்டது. மனைவியின் முதுகில் கடைசிவரை ஒரு புண் வரவில்லை. நான் டிஸ்பென்சரியிலிருந்து போய் வெட்கப்பட்டுத் திரும்பிய வீடு அது ஒன்றுதான்.

நாத்தனாரையும் விட்டுவிடாதீர்கள். ஹப்புத்தளையிலிருந்து அடிக்கடி வர முடியாது, அவர் வீட்டிலும் ஒரு மாமியார் இருக்கலாம். ஆனால் கோயில் தேர் நேரத்திலோ பள்ளிக்கூட லீவிலோ ஒரு வாரம் வந்து நிற்கச் சொல்லுங்கள். அந்த வாரம் நீங்கள் உங்கள் அம்மா வீட்டுக்குப் போய்விட வேண்டும். இங்கேயே நின்றால் வந்தவர் விருந்தாளியாகிவிடுவார், நீங்கள் இரண்டு பேருக்குச் சமைப்பீர்கள். இதையெல்லாம் பேசி முடிவாக்கத் தீபாவளிதான் நல்ல நேரம், தம்பிமார் ஊருக்கு வருவார்கள். காலையிலேயே பேசிவிடுங்கள். மத்தியானத்துக்குப் பிறகு ஆண்களோடு எதையும் பேசி முடிவெடுக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

கடைசியாக, இத்தனை பேரையும் கேட்கச் சொன்ன நான் முக்கியமான ஆளை விட்டுவிட்டேன். உங்கள் மாமியாரிடம் கேட்டீர்களா? எதை மகன் செய்யலாம், எதை நீங்கள் செய்ய வேண்டும், எதைத் தானே செய்ய முயற்சிப்பார் என்று. பேச்சுக் குழறினாலும் தலையாட்டுவார். என் அப்பாவிடம் நான் ஒன்றரை வருடம் கேட்கவில்லை. கேட்டபோது அவர் சொன்னது, முகம் வழிப்பதை மட்டும் நீ செய், உன் பொண்டாட்டிக்குக் கை நடுங்குது என்று.